குளித்த பிறகும் ஏன் ‘சாயங்காலமட்டும் தீட்டு’? – லேவியராகமம் குறித்து ஒரு கேள்வி

திருமங்கலத்து ஆசிரியை கேட்டது:

அன்பர்களுக்கு வணக்கம். திருமங்கலத்தை அடுத்த ஒரு கிராமச் சபையில் பன்னிரண்டு ஆண்டுகளாக ஞாயிறு பள்ளி நடத்தி வருகிறேன். இந்த ஆண்டுப் பாடத்தில் லேவியராகமம் இருக்கிறது. வழக்கமாகப் பலிகளைப் பற்றிச் சொல்லிவிட்டு நேரே பாவநிவிர்த்தி நாளைப் பற்றிய 16ஆம் அதிகாரத்துக்குத் தாவிவிடுவோம். இந்த முறை 11 முதல் 15 வரையுள்ள அதிகாரங்களையும் விடாமல் படிப்பது என்று துணிந்தேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

செத்த பிராணியைச் சுமந்தவன் தன் வஸ்திரங்களைத் தோய்த்துச் சாயங்காலமட்டும் தீட்டுப்பட்டிருப்பான் என்றும், வேறு சிலவற்றைத் தொட்டவன் தண்ணீரில் முழுகியும் சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டும் என்றும் படித்துக்கொண்டு வந்தபோது, ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து நின்றான். “டீச்சர், துணியும் துவைத்தாயிற்று, குளித்தும் ஆயிற்று. அப்புறம் எதற்குச் சாயங்காலம் வரைக்கும் தீட்டு? தண்ணீர் பட்டதும் போகாதா?” என்று கேட்டான். அடுத்த வாரம் சொல்கிறேன் என்று உட்கார வைத்துவிட்டேன்.

எனக்குக் கிடைத்திருக்கும் விளக்கங்கள் இரண்டு. எங்கள் சபைக்கு வந்த ஒரு பிரசங்கியார், இவையெல்லாம் கிருமிகளைப் பற்றி உலகம் அறியும் முன்பே தரப்பட்ட சுகாதார விதிகள் என்று அடித்துச் சொன்னார். எங்கள் மூப்பர் ஒருவரோ, தீட்டு என்றால் பாவம், தண்ணீர் என்றால் பாவம் கழுவுதல், அவ்வளவுதான் என்கிறார். எனக்கு இரண்டுமே ஒட்டவில்லை.

ஒட்டாததற்குக் காரணம் என் வீட்டிலேயே இருக்கிறது. மாமியார் காலமான அன்று, கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பியபோது, யாரும் சொல்லாமலே எங்கள் வாசற்படிக்கு வெளியே ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீரும் ஒரு செம்பும் இருந்தன. நாங்கள் மூன்று தலைமுறைக் கிறிஸ்தவர்கள். இதையெல்லாம் பழைய பழக்கம் என்று கேலி பேசும் என் கணவர்தான் முதலில் குனிந்து செம்பை எடுத்தார். அந்தத் தண்ணீர் அவர் காலிலிருந்து எதைக் கழுவியது என்று அன்று முதல் யோசித்துக்கொண்டிருக்கிறேன். பழைய இஸ்ரவேலின் வழிபாட்டில் இந்தக் கழுவுதல் உண்மையில் என்ன பொருளில் நடந்தது? பலி என்ற ஒன்று இருக்கும்போது தண்ணீருக்கு அங்கே என்ன வேலை?

அரசரடிப் பழைய மாணவர் எழுதியது:

அம்மா, அரசரடியில் இறையியல் படித்த நாள்களில் இரண்டு ஆண்டுகள் எபிரேயம் கற்றேன் என்ற தகுதி மட்டுமே எனக்கு உண்டு. அதை வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

சுகாதார விளக்கத்தை அந்த அதிகாரங்களே மறுக்கின்றன. 14ஆம் அதிகாரத்தில் ஒரு வீட்டுச் சுவரில் பூசணம் போன்ற தோஷம் கண்டால், ஆசாரியன் அதைப் பார்க்க வருவதற்கு முன்பே வீட்டிலுள்ள தட்டுமுட்டுச் சாமான்களை வெளியே எடுத்து வைத்துவிடச் சொல்லியிருக்கிறது. அவன் பார்த்துத் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் உள்ளே இருப்பவை தீட்டாகும். முன்னமே வெளியே வந்துவிட்ட பாயும் பாத்திரமும் தீட்டாகா. கிருமி ஆசாரியனின் தீர்ப்புக்காகக் காத்திருக்குமா? 13ஆம் அதிகாரத்தில் இதைவிட வியப்பான ஒன்று இருக்கிறது. தோல்நோய் உடலில் அங்கங்கே இருந்தால் அவன் தீட்டுள்ளவன், தலை முதல் கால் வரை முழுவதும் வெண்மையாகிவிட்டால் அவன் சுத்தமானவன். மேலும், மலமும் சிறுநீரும் லேவியராகமத்தின் தீட்டுப் பட்டியலில் இல்லவே இல்லை. உபாகமம் 23இல் பாளயத்துக்கு வெளியே மண்ணைத் தோண்டி மூடும்படி ஒரு கட்டளை உண்டு, ஆனால் அங்கும் குளித்துச் சாயங்காலம் வரை காத்திருக்கச் சொல்லவில்லை. சுகாதார அதிகாரி எழுதிய சட்டம் என்றால் இப்படியா இருக்கும்?

பாவம் என்ற விளக்கமும் நிற்காது. தகப்பனை அடக்கம் பண்ணுவது மகனின் கடமை. பிணத்தைத் தொட்டதால் அவனுக்கு ஏழு நாள் தீட்டு. பிள்ளை பெறுவது ஆசீர்வாதம்; பெற்றவளுக்குத் தீட்டு. கணவனும் மனைவியும் கூடினால் இருவருக்கும் சாயங்காலம் வரை தீட்டு. இவற்றில் எதையும் செய்யாதே என்று நியாயப்பிரமாணம் சொல்லவில்லை; செய்தால் இந்த நிலைக்கு வருவாய், இப்படி அதிலிருந்து வெளியே வருவாய் என்று வழி மட்டும் காட்டுகிறது. செம்பை எடுத்துக் கால் கழுவிய உங்கள் கணவரிடம், தாயை அடக்கம் பண்ணியதற்காக மனந்திரும்பு என்று யாராவது சொன்னார்களா? தமிழர்களாகிய நமக்கு இது உடம்பிலேயே தெரியும். தெரிந்ததை மறந்துவிட்டு மேற்கத்தியப் பிரசங்கக் குறிப்புகளிலிருந்து விளக்கம் தேடுகிறோம் என்பது என் எண்ணம்.

அப்படியானால் தீட்டு என்பது என்ன? லேவியராகமம் 10:10 இரண்டு இணைகளைப் பிரித்துக் காட்டுகிறது. பரிசுத்தமானது, பொதுவானது என்பது ஓர் இணை. தீட்டுள்ளது, தீட்டில்லாதது என்பது மற்றோர் இணை. எபிரேயத்தில் தீட்டுள்ளது ‘தாமே’, தீட்டில்லாதது ‘தாஹோர்’. தாமே என்பது ஒருவனுடைய குணத்தைப் பற்றிய தீர்ப்பு ஆகாது. ஆசரிப்புக் கூடாரத்தை அவன் நெருங்கலாமா, பரிசுத்தமான உணவைத் தொடலாமா என்பது பற்றியது மட்டுமே. மனிதர் விஷயத்தில் இந்த நிலை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்: பிணம், பிணம்போல் தோலை வெளுக்கச் செய்யும் நோய், உயிர் பிறக்கும் உறுப்புகளிலிருந்து கசியும் இரத்தமும் விந்தும். உயிர் உடலை விட்டு வெளியேறும் அல்லது சாவு உள்ளே எட்டிப் பார்க்கும் இடங்கள் இவை என்றும், ஜீவனுள்ள தேவனின் வாசஸ்தலத்துக்குள் சாவின் சாயல் நுழையக் கூடாது என்பதே அடிப்படை என்றும் ஆய்வாளர்களில் பலர் விளக்குகிறார்கள். எல்லா விதிகளும் இந்த ஒரே ஆணியில் மாட்டிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் மற்ற விளக்கங்களைவிட இது அதிகத் தூரம் வருகிறது.

இப்போது உங்கள் மாணவனிடம் வருகிறேன். இஸ்ரவேலரின் கணக்கில் நாள் என்பது சாயங்காலத்தில் தொடங்குகிறது. ‘சாயங்காலமும் விடியற்காலமுமாகி முதலாம் நாள்’ என்ற ஆதியாகமத்தின் வரிசையைப் பையனுக்கு நினைவூட்டுங்கள். ஆகையால் சாயங்காலம் வரை என்பது, தீட்டு நேர்ந்த அந்த நாள் முடிந்து புது நாள் பிறக்கும் வரை என்றாகிறது. தண்ணீர் தன் வேலையைச் செய்துவிட்டது. காலம் தன் வேலையை இன்னும் செய்யவில்லை. குளித்தும் சூரியன் மறையாதிருக்கிற இந்த இடைப்பட்ட ஆளுக்குப் பிற்கால யூத ரபிகள் ‘தெவுல் யோம்’ என்று பெயரே வைத்தார்கள். அன்று முழுகியவன் என்று பொருள். அவன் முழுத் தீட்டும் இல்லை, முழுச் சுத்தமும் இல்லை. பிரேதத் தீட்டுக்கு ஒரு நாள் போதாது, ஏழு நாள் வேண்டும். தண்ணீரும் தனித் தண்ணீராக இருந்தால் போதாது. சிவப்புக் கிடாரியைக் கேதுருக் கட்டையோடும் ஈசோப்புச் செடியோடும் சிவப்பு நூலோடும் பாளயத்துக்குப் புறம்பே சுட்டெரித்து, அந்தச் சாம்பலை ஊற்றுநீரில் கலந்து, மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் தெளிக்க வேண்டும் என்று எண்ணாகமம் 19 சொல்கிறது.

பலி இருக்கத் தண்ணீர் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். நம் மொழிபெயர்ப்பு இந்த இடத்தில் நம்மைக் கொஞ்சம் தடுமாற வைக்கிறது. பாவநிவாரண பலி என்று நாம் படிப்பது எபிரேயத்தில் ‘ஹத்தாத்’. பிள்ளை பெற்றவளும் அதைச் செலுத்துகிறாள் என்பதால், பிள்ளை பெற்றதே பாவமோ என்று நம் தாய்மார்கள் கலங்குகிறார்கள். அந்தப் பலியின் இரத்தம் எங்கே பூசப்படுகிறது என்று கவனித்துப் பாருங்கள். பலிபீடத்தின் கொம்புகளில் பூசுகிறார்கள், சில வேளைகளில் திரைக்கு எதிரே தெளிக்கிறார்கள். பலியைக் கொண்டுவந்தவன்மேல் அந்த இரத்தம் படுவதில்லை. ஜேக்கப் மில்க்ரோம் என்னும் யூத அறிஞர் இதை ஊன்றிக் கவனித்து, அந்தப் பலி ஆளைக் கழுவுவதற்கு வந்தது அன்று, மக்களின் தீட்டு படிந்த பரிசுத்த ஸ்தலத்தைக் கழுவுவதற்கு வந்தது என்று வாதிட்டார். ஆளைக் கழுவுவது தண்ணீர், இடத்தைக் கழுவுவது இரத்தம் என்று வைத்துக்கொண்டு 15ஆம் அதிகாரத்தின் முடிவையும் 16ஆம் அதிகாரத்தையும் மறுபடி படித்துப் பாருங்கள், பல முடிச்சுகள் அவிழும்.

உசிலம்பட்டிச் செவிலி எழுதியது:

முப்பது ஆண்டுகள் பிரசவ வார்டில் இருந்தவள் நான். சுகாதாரம் என்ற விளக்கத்தை நீங்கள் இவ்வளவு எளிதாகத் தள்ளிவிட்டது எனக்கு ஏற்கவில்லை, ஐயா. பிரமியமுள்ளவன், அதாவது பிறப்புறுப்பில் கசிவு நோய் உள்ளவன், கை கழுவாமல் ஒருவனைத் தொட்டால் தொடப்பட்டவன் குளிக்க வேண்டும் என்று 15:11 சொல்வதை எந்தச் செவிலி படித்தாலும் தலையாட்டுவாள். பிள்ளை பெற்ற பெண்ணுக்கு நாற்பது நாள் ஓய்வு என்பதும் அப்படியே.

ஆனால் எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு, அதை இங்கேயே கேட்டுவிடுகிறேன். ஆண் பிள்ளை பிறந்தால் 7 நாளும் அதன்பின் 33 நாளும், பெண் பிள்ளை பிறந்தால் 14 நாளும் அதன்பின் 66 நாளும் என்று 12ஆம் அதிகாரம் இரட்டிப்பாக்குகிறது. இதை எந்தப் போதகரிடம் கேட்டாலும் பேச்சை மாற்றுகிறார்கள்.

அரசரடிப் பழைய மாணவர்:

சகோதரி, நன்மை விளைந்திருக்கலாம் என்பதை நான் மறுக்கவில்லை. விளைந்த நன்மை வேறு, கட்டளைக்குச் சொல்லப்பட்ட காரணம் வேறு. ‘அவர்கள் தங்கள் நடுவே இருக்கிற என் வாசஸ்தலத்தைத் தீட்டுப்படுத்தி, அதனால் சாகாதபடிக்கு’ என்ற கருத்தைத்தான் 15:31 காரணமாகச் சொல்கிறது. உடல்நலம் அங்கே பேசப்படவில்லை.

இரட்டிப்புக்கு வேதம் காரணம் சொல்லவில்லை. சொல்லாத காரணத்தை நானும் கற்பிக்க மாட்டேன். இரண்டு குறிப்புகளை மட்டும் வைக்கிறேன். நாள்கள் வேறுபட்டாலும் முடிவில் செலுத்தும் பலி, குமாரனுக்கானாலும் குமாரத்திக்கானாலும் ஒன்றுதான். ஏழைத் தாய்க்கு ஆட்டுக்குட்டிக்குப் பதிலாக இரண்டு புறாக்கள் போதும். மரியாள் கொண்டுபோனதும் அதுவே என்று லூக்கா எழுதுகிறார். அடுத்தது, 15ஆம் அதிகாரம் ஆணிலிருந்துதான் தொடங்குகிறது. ஆணின் நோய், ஆணின் இயல்பு, நடுவில் இருவரின் கூடல், பிறகு பெண்ணின் இயல்பு, பெண்ணின் நோய் என்று கண்ணாடிபோல் எதிரெதிரே அமைந்த அதிகாரம் அது. மாதவிலக்கான பெண்ணைப் பாளயத்தை விட்டு அனுப்பச் சொல்லும் கட்டளை எங்கும் இல்லை. எண்ணாகமம் 5:2இல் வெளியே அனுப்பப்படுபவர்கள் குஷ்டரோகியும் பிரமியமுள்ளவனும் பிரேதத்தால் தீட்டுப்பட்டவனும்தான். பேரையூர் வட்டாரத்துச் சிற்றூர்கள் சிலவற்றில் முட்டுத்துறை என்று தனி அறை வைத்துப் பெண்களை அனுப்புகிற வழக்கத்துக்கு லேவியராகமத்தைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

சிம்மக்கல் பயணி எழுதியது:

நான் படித்துச் சொல்பவன் அல்லேன், பார்த்துச் சொல்பவன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பயணக் குழுவோடு எருசலேமுக்குப் போயிருந்தேன். ஆலய மேட்டின் தெற்குப் பக்கத்து அகழ்வுப் பகுதியில், பாறையைக் குடைந்து சுதை பூசிய குளிக்கும் தொட்டிகள் பல இருக்கின்றன. அவற்றை ‘மிக்வே’ என்கிறார்கள். நம் பொற்றாமரைக் குளத்தைப்போல் நான்கு புறமும் படி இல்லை. ஒரே பக்கத்தில், தொட்டியின் முழு அகலத்துக்கும் படி இறங்குகிறது. சிலவற்றில் அந்தப் படிகளின் நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரு சாண் உயரம்கூட இல்லாத வரப்பு ஒன்று ஓடுகிறது. தீட்டோடு ஒரு பக்கம் இறங்கியவன், முழுகி எழுந்து மறுபக்கமாக ஏறி வருவதற்காக என்று வழிகாட்டி சொன்னார். ஒரே படியில் போகிறவனையும் வருகிறவனையும் பிரிப்பதற்கு ஒரு வரப்பு போதும் என்று நினைத்தவர்களை எனக்குப் பிடித்துப்போயிற்று. வரப்பின் இரு பக்கமும் படிகளின் விளிம்பு தேய்ந்து வழவழவென்று இருந்தது. குனிந்து தடவிப் பார்த்தேன், பின்னால் வந்தவர்கள் நகரச் சொன்னார்கள்.

ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். இந்தத் தொட்டிகள் மோசேயின் காலத்தவையும் அல்ல, சாலொமோனின் காலத்தவையும் அல்ல. அகழ்வாய்வில் இவை தென்படத் தொடங்குவது மக்கபேயர் மரபைச் சேர்ந்த அஸ்மோனிய அரசர்களின் காலத்தில், கி.மு. 2ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி. மழைநீரோ ஊற்றுநீரோ தானாக வந்து சேர வேண்டும், இறைத்து ஊற்றிய நீர் உதவாது, குறைந்தது 40 சேயா அளவு வேண்டும் என்ற கணக்கெல்லாம் ரபிகளின் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் வருபவை. நம் பழைய மொழிபெயர்ப்பில் ‘முழுகி’ என்று படிக்கிற இடங்களில் எபிரேயத்தில் உடலைக் கழுவி என்றுதான் இருக்கிறது என்று குழுவில் வந்திருந்த ஒரு போதகர் சொன்னார். உண்மையா என்பதை அரசரடி ஐயாதான் சொல்ல வேண்டும். குடத்துத் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டவர்கள்தான் அதிகம் இருந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. வனாந்தரத்தில் முழுகுவதற்குக் குளம் ஏது?

சாலொமோன் கட்டிய ஆலயத்தில் ‘கடல்’ என்று ஒரு வெண்கலத் தொட்டி இருந்ததே, அதைப் பற்றி ஒரு கணக்குப் போட்டேன். விளிம்புக்கு விளிம்பு 10 முழம், உயரம் 5 முழம், 12 காளைகளின் முதுகில் நின்றது, 2000 பாத் தண்ணீர் பிடித்தது என்று இராஜாக்களின் புத்தகம் சொல்கிறது. நாளாகமத்தில் 3000 என்று இருக்கிறது. பாத் ஒன்றுக்கு ஏறத்தாழ 22 லிட்டர் என்று கொண்டால் 2000 பாத் என்பது 44,000 லிட்டர். கோடையில் எங்கள் தெருவுக்கு வருகிற 12,000 லிட்டர் லாரியில் ஏறத்தாழ நான்கு லாரித் தண்ணீர். இதிலே ஆசாரியர்கள் மட்டும் கழுவிக்கொண்டார்கள் என்று நாளாகமம் சொல்கிறது. பலிக்குரியவற்றை அலசுவதற்குத் தனியே பத்துக் கொப்பரைகள். பின்னாளில் ஆகாஸ் அரசன் காளைகளின் மேலிருந்து கடலை இறக்கிக் கல்தளத்தின்மேல் வைத்தான். பாபிலோனியர் வந்து அதை உடைத்து வெண்கலத்தை வாரிக்கொண்டு போனார்கள்.

அரசரடிப் பழைய மாணவர்:

போதகர் சொன்னது சரிதான். லேவியராகமத்தில் வரும் வினை ‘ராஹட்ஸ்’, கழுவுதல். முக்கி எடுப்பதற்கு வேறு வினை உண்டு. சீரியப் படைத்தலைவன் நாகமான் யோர்தானில் ஏழு தரம் முழுகிய இடத்தில் அது வருகிறது.

ஆசாரியர்களின் கழுவுதல் முற்றிலும் வேறு வகை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். யாத்திராகமம் 30இல் கூடாரத்துக்கும் பலிபீடத்துக்கும் நடுவே வைக்கப்பட்ட வெண்கலத் தொட்டியில் அவர்கள் கைகளையும் கால்களையும் மட்டுமே கழுவினார்கள். அவர்களுக்குத் தீட்டு ஏதும் நேர்ந்திருக்க வேண்டியதில்லை. தீட்டில்லாதவனும் கழுவித்தான் நெருங்க வேண்டும். எங்கள் ஊர்ச் சபையில் செருப்பைக் கழற்றி வெளியே விட்டுத்தான் உள்ளே போகிறோம். புதுச் செருப்பாக இருந்தாலும் வெளியேதான். பாவநிவிர்த்தி நாளிலோ பிரதான ஆசாரியன் உடல் முழுவதையும் கழுவி எளிய சணல்நூல் உடை உடுத்தி உள்ளே போகிறான், வெளியே வந்ததும் மறுபடி கழுவி உடை மாற்றுகிறான். அந்த ஒரு நாளில் அவன் ஐந்து முறை முழுகினான், பத்து முறை கைகால் கழுவினான் என்று மிஷ்னா கணக்கிடுகிறது. போகும்போது கழுவுவது புரிகிறது. வரும்போது கழுவுவது எதற்கு என்பதை யோசித்தால், அந்தத் தண்ணீர் அழுக்கைப் போக்க வந்ததன்று, ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்குக் கடக்கும் வாசற்படி அது என்பது விளங்கும்.

வெள்ளாவி எழுதியது:

நான் பெயருக்கேற்ற குடும்பத்தில் பிறந்தவன். சோழவந்தான் பக்கத்தில் வைகைத் துறையில் துணி வெளுத்தவர்கள் எங்கள் பாட்டனார் வழியினர். நான் படித்து வேறு வேலைக்குப் போய்விட்டாலும், உவர்மண் வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. ஊர்த் துணியை உவர்மண் கரைசலில் நனைத்து, வெள்ளாவிச் சாலின்மேல் அடுக்கி மூடி, இரவு முழுவதும் ஆவியில் வேகவைத்து, விடிவதற்கு முன் எடுத்துத் துறைக்கல்லில் அடிப்பார்கள். அடியின் ஓசை அக்கரையில் மோதித் திரும்பி வரும். சின்ன வயதில், கல்லில் அடிபடுவது யாரோ ஆள் என்று நினைத்துப் பயந்திருக்கிறேன்.

எரேமியா 2:22இல், உவர்மண்ணால் கழுவி அதிகச் சவுக்காரத்தைக் கையாடினாலும் அக்கிரமத்தின் கறை போகாது என்று படித்தபோது, எங்கள் துறையை இந்தத் தீர்க்கதரிசி எப்போது பார்த்தார் என்று வியந்தேன். பிறகு ஒரு வேத ஆராய்ச்சி வகுப்பில் எபிரேயத்தில் உடலைக் கழுவ ஒரு வினையும் துணியை வெளுக்க ஒரு வினையும் தனித்தனியே உண்டு என்று கேட்டறிந்தேன். துணிக்குரிய வினை ‘காபாஸ்’. மிதித்து, அடித்து வெளுப்பது. லேவியராகமத்தில் வஸ்திரங்களைத் தோய்த்து என்று வரும் இடமெல்லாம் அதுதான். 51ஆம் சங்கீதத்தில் என்னைக் கழுவும் என்று தாவீதின் வாயில் வரும் சொல்லும் உடலைக் கழுவும் சொல் இல்லை, இந்தத் துணி வெளுக்கும் சொல்தான். குளிப்பாட்டு என்று அந்த மனிதன் கேட்கவில்லை. உவர்மண்ணில் ஊறவைத்து, ஆவியில் வேகவைத்து, கல்லில் அடித்து வெளுத்துவிடு என்று கேட்கிறான். தமிழில் ‘கழுவி’ என்று படிக்கும்போது அந்த அடியின் ஓசை கேட்பதில்லை. (அதே சங்கீதத்தில், உறைபனியைக் கண்டறியாத நமக்காக அதை ‘உறைந்த மழை’ என்று எழுதிய பழைய மொழிபெயர்ப்பாளர்கள்மேல் எனக்குக் குறையில்லை, அது அழகான சொல்.)

இன்னொன்றும் சொல்ல வேண்டும், அதற்காகவே எழுத வந்தேன். ஊரில் பிள்ளைபேற்றுத் துணியும் பூப்புத் துணியும் சாவு வீட்டுத் துணியும் எங்கள் பாட்டியிடம்தான் வரும். சடங்குக்கு வேண்டிய வெளுத்த மாற்றுத் துணியும் எங்கள் வீட்டிலிருந்துதான் போகும். ஊரின் தீட்டைக் கழித்தவள் அவள். அதே ஊரில் அவள் எந்தத் திண்ணையிலும் உட்கார்ந்ததில்லை, சோறு வாங்க வாசலுக்கு வெளியே நின்றாள். தீட்டைக் கழிப்பவர்மேல் தீட்டு ஒட்டிக்கொள்கிறது என்பது எண்ணாகமம் 19இலும் இருக்கிறது. கிடாரியைச் சுட்டெரித்தவன், சாம்பலை வாரியவன், தீட்டுக்கழிக்கும் ஜலத்தைத் தெளித்தவன் எல்லோரும் வஸ்திரங்களைத் தோய்க்க வேண்டும், சாம்பலை வாரியவனும் அந்த ஜலத்தைத் தொட்டவனும் சாயங்காலம் வரை தீட்டு என்கிறது. முதலில் படித்தபோது கோபம்தான் வந்தது. மறுபடி படித்தபோதுதான் ‘சாயங்காலமட்டும்’ என்ற சொல்லில் கண் நின்றது. அவனுக்கு அந்தச் சாயங்காலம் வருகிறது. என் பாட்டிக்கு அது வரவில்லை; அவள் எண்பது வயதுக்கு மேல் இருந்தாள்.

1939 ஜூலை 8 அன்று அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்டோர் மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் நுழைந்தபோது, கோயில் தீட்டுப்பட்டுவிட்டது, சுத்தி செய்தால்தான் பூசை என்று நின்றவர்கள் இருந்தார்கள். தமிழில் ‘தீட்டு’ என்று எழுதியவுடன் இந்த வரலாறு முழுவதும் அந்தச் சொல்லோடு சேர்ந்து பிள்ளைகளின் காதில் விழுகிறது. ஆகையால், ஆசிரியை அம்மா, வகுப்பில் இதைச் சொல்லும்போது, லேவியராகமத்தின் தீட்டு பிரதான ஆசாரியனுக்கும் வரும், அரசனுக்கும் வரும், வந்தவழியே போகும், பிறப்பால் ஒட்டிக்கொள்வதில்லை என்பதை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு மற்றதைத் தொடங்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அரசரடிப் பழைய மாணவர்:

ஐயா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். ‘காபாஸ்’ பற்றிய செய்தி முற்றிலும் சரி. கிடாரிச் சட்டம் இஸ்ரவேலருக்கும் அவர்கள் நடுவே தங்கும் அந்நியனுக்கும் ஒன்றே என்று எண்ணாகமம் 19:10 கூறுவதையும் உங்கள் பக்கம் சேர்த்துக்கொள்ளலாம்.

நேர்மைக்காக மறுபக்கத்தையும் வைக்க வேண்டியிருக்கிறது. இஸ்ரவேலிலும் பிறப்பு முக்கியமாக இருந்த இடங்கள் உண்டு. ஆசாரியத்துவம் ஆரோனின் வம்சத்துக்கு மட்டுமே. உபாகமம் 23 சிலரைச் சபைக்குள் சேர்க்க மறுக்கிறது. எஸ்றாவின் காலத்தில் ‘பரிசுத்த வித்து’ என்ற பேச்சு எழுந்து, அந்நிய மனைவியரை அனுப்பிவிடுகிற அளவுக்குப் போயிற்று. ஆனால் அவையெல்லாம் தண்ணீரால் தீரும் தீட்டின் சட்டத்திலிருந்து வந்தவை அல்ல.

தண்ணீரால் தீராதவையும் உண்டு. கொலை, விக்கிரக வழிபாடு, முறைகெட்ட உறவு ஆகியவை தேசத்தையே தீட்டுப்படுத்துகின்றன என்று லேவியராகமம் 18ம் எண்ணாகமம் 35ம் கூறுகின்றன. அவற்றுக்குக் குளியலும் கிடையாது, சாயங்காலமும் கிடையாது. ஏசாயா முதல் அதிகாரத்தில், கைகள் இரத்தத்தினால் நிறைந்திருக்க ஜெபம் பண்ணுகிறவர்களைப் பார்த்துக் கழுவிச் சுத்திகரித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சிலேயே திக்கற்ற பிள்ளையின் நியாயத்தையும் விதவையின் வழக்கையும் பேசுகிறார். சடங்கு வேண்டாம் என்று அவர் சொல்வதாக நம் பிரசங்கங்களில் கேட்கிறோம். எனக்கு அப்படிப் படவில்லை. கழுவுதல் என்றால் என்ன என்று தெளிவாகத் தெரிந்தவர்களிடம் மட்டுமே, இந்தக் கறைக்கு அந்தத் தண்ணீர் போதாது என்று பேச முடியும்.

திருமங்கலத்து ஆசிரியை:

எல்லோருக்கும் நன்றி. வெள்ளாவி ஐயா கேட்டபடியே தொடங்கினேன். உவர்மண் என்றால் என்னவென்று வகுப்பில் ஒரு பிள்ளைக்கும் தெரியவில்லை. துணி துவைக்கும் இயந்திரத்தை வைத்து விளக்க முயன்று தோற்றேன்.

பையன் விடவில்லை. சாயங்காலத்தில் நாள் தொடங்குகிறது என்பதை ஒப்புக்கொண்டுவிட்டு, “ஐப்பசி மழையில் நாள் முழுக்க மூடம் போட்டிருந்தால் சூரியன் மறைந்தது எப்படித் தெரியும், டீச்சர்?” என்று கேட்கிறான். இதற்கும் பதில் உண்டா, ஐயா?

அரசரடிப் பழைய மாணவர்:

உண்டு, அம்மா. மிஷ்னா தொடங்குவதே ஏறத்தாழ அந்தக் கேள்வியில்தான். மாலை ஜெபத்தை எந்த நேரம் முதல் சொல்லலாம் என்று கேட்டு, ஆசாரியர்கள் தங்களுக்குரிய படைப்பை உண்ண உள்ளே வரும் நேரம் முதல் என்று முதல் வரியிலேயே பதில் சொல்கிறது. தீட்டுப்பட்டு, குளித்துவிட்டு, லேவியராகமம் 22:7இன்படி சூரியன் மறையக் காத்திருந்த ஆசாரியர்கள்தான் அவர்கள். அது நட்சத்திரம் தோன்றும் நேரம் என்று, மிஷ்னாவுக்கு ரபிகளின் விரிவுரையான தால்முத் விளக்குகிறது. மூடம் போட்ட நாளுக்கும் தால்முத்தில் ஒரு குறிப்பு உண்டு. ஓய்வுநாள் தொடங்குவதைப் பற்றிப் பேசுகிற இடத்தில் வருகிறது: ஊருக்குள் இருப்பவன் கோழி அடைவதைப் பார்க்கட்டும், வயலில் இருப்பவன் காகம் அடைவதைப் பார்க்கட்டும்.